எல்லோரும் எசமான், முதலாளி மட்டும் யாரும் இல்லை

(சென்னையில் இளைஞர்களின் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னை அழைத்த தோழர், "வேலை செய்ற இடத்துல உன்னைத் தொழிலாளின்னு ஒத்துக்காம 'சுயதொழில் செய்பவர்'னு எழுதி வச்சிருந்தா எப்படிப் புகார் பண்றதுன்னு சொல்லுங்க, அது போதும்" என்றார். மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை. வாசலில் நின்று "ஓ.டி.பி. சொல்லுங்க சார்" என்று கேட்டுத்தான் பழக்கம். அதனால் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். புகார் எழுதும் முறை அதற்குள்ளேயே வந்துவிடும்.

எங்கள் ஊர் ஆம்பூர் பக்கம். என் தாத்தா ஊர்த் தோட்டி. செத்த மாட்டைத் தூக்க வேண்டும், சாவுச் சேதி சொல்லப் பக்கத்து ஊர்களுக்கு நடக்க வேண்டும், தண்டோரா போட வேண்டும். இந்த வேலைகளுக்குச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. அறுப்பு முடிந்து களத்தில் நெல் அளக்கும்போது தள்ளி நிற்க வேண்டும். எல்லோருக்கும் அளந்த பிறகு கொஞ்சம் போடுவார்கள். அதற்குக் கூலி என்று பெயரில்லை, 'வழக்கம்' என்று பெயர். ஊரில் யார் வேண்டுமானாலும் அவரை ஏவலாம், யார் வேண்டுமானாலும் திட்டலாம். ஆனால் மாடு மிதித்து அவர் ஆறு மாதம் படுத்துக் கிடந்தபோது "இவன் என்னிடம் வேலை செய்தவன், இவனுக்கு நான் பொறுப்பு" என்று சொல்ல அந்த ஊரில் ஒரு ஆள் இல்லை. எல்லோரும் எசமான், முதலாளி மட்டும் யாரும் இல்லை.

என் அம்மா ஷூ தைத்தவர். ஆம்பூர், வாணியம்பாடி பக்கத் தோழர்களுக்கு இது தெரியும். கம்பெனியில் வெட்டிய தோலும் நூலும் ஏஜெண்ட் வழியாக வீட்டுக்கு வரும். ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைத்துக் கொடுக்க வேண்டும், ஜோடிக்கு இவ்வளவு என்று காசு. அந்த ஷூ எந்த நாட்டுக்குப் போகிறது, என்ன விலைக்கு விற்கிறது என்பது அம்மாவுக்குத் தெரியாது. தையல் கோணல் என்று திருப்பி அனுப்பினால் அந்த ஜோடிக்குக் காசு இல்லை. விரலில் ஊசி ஏறினால் அதற்கும் யாரும் பொறுப்பில்லை. ஒருமுறை அம்மா பி.எஃப். பற்றிக் கேட்டதற்கு ஏஜெண்ட் சிரித்துக்கொண்டே சொன்னாராம்: "வீட்ல உக்காந்துகினு உன் இஷ்டத்துக்குத் தைக்கிற. நீயே முதலாளிம்மா. உனக்கு எதுக்கு பி.எஃப்.?"

நான் பி.காம். படித்தேன். சென்னைக்கு வந்து ஒரு பார்சல் கம்பெனியில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். சேரும்போது கையில் தாள் எதுவும் தரவில்லை. போனில் இங்கிலீஷில் 14 பக்கம் வந்தது, கீழே 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற பட்டன். அமுக்கினால்தான் அடுத்த பக்கம் திறக்கும். அமுக்கினேன். அன்றிலிருந்து நான் 'டெலிவரி பார்ட்னர்'. அதாவது கம்பெனியின் பங்காளி. அந்தச் சொல்லைக் கேட்டு அம்மா சந்தோஷப்பட்டார் என்பதையும் சொல்ல வேண்டும்.

பங்காளியின் வாழ்க்கையைச் சொல்கிறேன். காலை 7 மணிக்கு ஹப்பில் நிற்க வேண்டும். கம்பெனி டி-ஷர்ட், கம்பெனி அடையாள அட்டை, கம்பெனி பை. எந்தத் தெருவுக்குப் போவது என்பதைக் கம்பெனி முடிவு செய்யும். பார்சலுக்கு 11 ரூபாய், அதையும் கம்பெனி முடிவு செய்யும். ஒரு நாளைக்குச் சராசரி 50 பார்சல். 26 நாள் ஓடினால் 14,300 ரூபாய். வண்டி என்னுடையது, பெட்ரோல் என்னுடையது. அதில் ஏறக்குறைய 4,000 போய்விடும். பார்சல் காணாமல் போனால் என் கணக்கில் டெபிட். சொல்லாமல் லீவு போட்டால் 300 ரூபாய் பிடித்தம். ஒருமுறை எனக்குக் காய்ச்சல். என் சித்தப்பா மகனை வண்டியோடு அனுப்பினேன். அவனைத் திருப்பி அனுப்பிவிட்டு எனக்கு அபராதமும் போட்டார்கள். வேறு கூரியரில் வேலை செய்யக் கூடாது என்பதும் அந்த 14 பக்கத்தில் இருந்தது. சுயதொழில் செய்கிறவனுக்கு இத்தனை கட்டளைகளா என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

ஹப்பில் சம்பளப் பட்டியலில் பெயர் இருந்தவர்களும் உண்டு. அவர்கள் உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் இருப்பார்கள். அவர்களுக்கு பி.எஃப். உண்டு, தீபாவளிக்கு போனஸ் உண்டு, கழிவறைச் சாவி உண்டு. வெளியே ஓடிய எங்களுக்கு அந்தச் சாவியும் கிடையாது. எங்களில் பெரும்பாலோர் கண்ணகி நகர், பெரும்பாக்கம், வியாசர்பாடி, இல்லையென்றால் என்னைப்போல வடமாவட்டத்துக் காலனிகள். இதற்கு என்னிடம் புள்ளிவிவரம் இல்லை. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். உள்ளே எந்தச் சாதி, வெளியே எந்தச் சாதி என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எழுத வேண்டிய தேவையும் இல்லாமல் அது நடந்தது.

இனி நான் மறைக்க நினைத்து, மறைக்கக் கூடாது என்று முடிவு செய்த விஷயத்துக்கு வருகிறேன்.

எங்களோடு ஒரு அண்ணன் ஓடினார். 45 வயது இருக்கும். எனக்கு ரூட் சொல்லிக் கொடுத்தவர். 2021 மழைக்காலத்தில் பார்சலோடு போகும்போது பள்ளத்தில் விழுந்து தொடை எலும்பு முறிந்தது. கம்பி வைத்தார்கள். ஹப் மேனேஜர் பார்க்க வந்தார். "மனிதாபிமான அடிப்படையில்" 20,000 ரூபாய் தருவதாகவும், இனி எந்த உரிமையும் கோரமாட்டேன் என்று எழுதித் தர வேண்டும் என்றும் சொன்னார். அண்ணனுக்கு எழுதத் தெரியாது. "நீ படிச்சவன், நீ எழுதுடா தம்பி" என்றார். நான் எழுதினேன். 'நான் ஒரு சுயதொழில் செய்பவர் என்பதால் நிறுவனத்துக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை' என்று மேனேஜர் சொல்லச் சொல்ல என் கையால் எழுதினேன். அண்ணன் அதற்குக் கீழே பெருவிரல் வைத்தார். எங்கள் வீட்டில் படித்து வந்த முதல் தலைமுறையின் கையெழுத்து முதலில் பயன்பட்டது அதற்குத்தான்.

அதற்குப் பிறகு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. அப்படித்தான் புகார் என்ற இடத்துக்கு வந்தேன். வீரத்தினால் வரவில்லை, குற்ற உணர்ச்சியால் வந்தேன்.

முதல் மனுவை நானே எழுதினேன். 'சமூகம் அய்யா அவர்களுக்கு' என்று தொடங்கி, மேனேஜர் மரியாதையில்லாமல் பேசுகிறார், 11 ரூபாய் போதவில்லை, கருணை கூர்ந்து உதவ வேண்டும் என்று முடித்தேன். அலுவலகத்தில் வாங்கிப் பார்த்தவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "நீங்க பார்ட்னர்னு ஒத்துக்கிட்டுச் சேர்ந்திருக்கீங்க. பார்ட்னர் தகராறுக்கு எங்ககிட்ட எதுக்கு வர்றீங்க?" பதில் சொல்லத் தெரியாமல் வெளியே வந்தேன்.

வாசலில் இருந்த ஒரு வயதான தொழிற்சங்கத் தோழர் அந்த மனுவை வாங்கிப் படித்தார். "கருணையை அடிச்சிடு. மேனேஜர் திட்டினதையும் ரெண்டாம் பக்கத்துக்குத் தள்ளு. முதல் வரியில நீ தொழிலாளின்னு எழுது. அதை நிரூபி. அது நின்னுட்டா மத்தது எல்லாம் தானா வரும்" என்றார். இன்று உங்களுக்கு நான் சொல்ல வந்ததும் இதுதான்.

அவர் சொல்லித்தான் எனக்குச் சில தீர்ப்புகள் தெரிய வந்தன. பெரிய சட்டப் படிப்பெல்லாம் வேண்டியதில்லை, கதையாகவே சொல்லலாம்.

1950களில் குஜராத்தின் தாரங்கதரா உப்பளத் தொழிலாளிகளின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அகரியாக்கள் என்று அவர்களுக்குப் பெயர். சீசனுக்கு மட்டும் வருவார்கள், குடும்பத்தோடு வேலை செய்வார்கள், உப்பின் எடைக்குக் காசு. கம்பெனி இவர்களைச் சுயேச்சையான ஒப்பந்தக்காரர்கள் என்றது. நீதிமன்றம் தொழிலாளர்கள் என்றது. வேலை எப்படி நடக்க வேண்டும் என்று கட்டுப்படுத்துகிற உரிமை யாரிடம் இருக்கிறது என்று பார்த்தது. கூடவே வேறு ஆளைத் துணைக்கு வைத்துக்கொண்டாலும் அவர்கள் தொழிலாளிகள்தான் என்றது.

1973இல் தையல் கடை வழக்கு. பீஸ் கணக்கில் கூலி, சிலர் துணியை வீட்டுக்கும் எடுத்துப் போவார்கள், வேறு கடைக்கும் தைக்கலாம். அவர்களும் கடையின் ஊழியர்கள் என்று தீர்ப்பு. 1978இல் கோழிக்கோட்டுக் கயிறுத் தொழிற்சாலை வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இன்னும் ஒரு படி போனார். நடுவில் ஒப்பந்தக்காரர் என்று யாரை நிறுத்தினாலும், யாருடைய தொழிலுக்காக உழைப்பு நடக்கிறது, யார் கை வைத்தால் பிழைப்பு நின்றுபோகிறது என்று திரையை விலக்கிப் பார்க்க வேண்டும் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

என்னை உலுக்கியது பீடித் தீர்ப்பு. திருநெல்வேலிப் பக்கம் வீட்டில் முறத்தை மடியில் வைத்து பீடி சுற்றும் பெண்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இலையும் தூளும் ஏஜெண்ட் வழியாக வரும், சுற்றிக் கொடுத்தால் ஆயிரம் பீடிக்கு இவ்வளவு. என் அம்மா வேலையைப் போலவேதான். 1966இல் பீடித் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டமே வந்து, வீட்டிலிருந்து சுற்றுகிறவர்களையும் ஊழியர் என்றது. அப்புறம் பி.எஃப். கேள்வி எழுந்தது. 1985இல் பி.எம். பட்டேல் அண்டு சன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், வீட்டிலிருந்து பீடி சுற்றுகிறவர்களும் பி.எஃப். சட்டப்படி ஊழியர்களே என்றது. முதலாளி பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியதில்லை, சரியில்லாத பீடியைக் கழித்துத் தள்ளும் உரிமை அவரிடம் இருக்கிறதே, அதுவே கட்டுப்பாடுதான் என்பது அந்தத் தீர்ப்பின் அடிப்படை.

இதை ஊருக்குப் போனபோது அம்மாவிடம் சொன்னேன். தைத்துக்கொண்டே கேட்டார். "இதைச் சொல்ல எதுக்குடா அவ்ளோ பெரிய கோர்ட்டு? திருப்பி அனுப்புறவன் எவனோ அவன்தான் முதலாளி. எனக்குத் தெரியாதா?" என்றார். அம்மாவுக்கு எப்போதும் தெரிந்திருக்கிறது. ஆனால் அதை எந்தத் தாளில் எழுதி, யாரிடம் கொடுத்து, நகலில் எங்கே முத்திரை வாங்குவது என்பதை மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை.

சரி, நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்கிறேன்.

முதலில் ஆதாரம். புகார் கொடுத்த மறுநாள் ஆப் வேலை செய்யாது என்று அந்தத் தோழர் எச்சரித்திருந்தார். அதனால் புகாருக்கு முன்னாலேயே ஒரு மாதம் சேர்த்தோம். வாட்ஸ்அப் குழுவில் 'நாளைக்கு 7 மணிக்கு வராதவன் ஐடி பிளாக்' என்று மேனேஜர் போட்ட செய்திகள். அபராதக் கணக்கு. தினசரி ரூட் ஷீட். அடையாள அட்டையின் இரண்டு பக்கமும். வங்கிக் கணக்கில் மாதாமாதம் ஒரே பெயரிலிருந்து வந்த பணம். அந்த 14 பக்க ஒப்பந்தத்தைப் பக்கம் பக்கமாக ஸ்கிரீன்ஷாட். எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துத் தேதி எழுதி மூன்று கட்டாக வைத்தோம். அதில் ஒரு கட்டு எங்களில் யார் வீட்டிலும் இல்லாமல் வெளியே ஒரு தோழரிடம் இருந்தது.

படித்த பிள்ளைகள் கவனிக்க வேண்டிய ஒன்று வருமான வரிப் படிவம் 26ஏ.எஸ். எங்கள் கணக்கில் மாதம் 143 ரூபாய் டி.டி.எஸ். பிடித்திருந்தார்கள். அது சம்பளத்துக்கான 192ஆம் பிரிவில் இல்லை, ஒப்பந்தக்காரர்களுக்கான 194சி-யில் இருந்தது. அரசாங்கத்துக்குக் கட்டும்போதே நம்மை யாரென்று எழுதிக் கட்டுகிறார்கள் என்பது அதைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. இங்கே ஐ.டி. கம்பெனியிலும் சேனலிலும் 'கன்சல்டன்ட்' என்ற பெயரில் இருக்கும் தோழர்கள் இன்றிரவு போய்ப் பாருங்கள். உங்களுக்கு அது தொழில்முறைக் கட்டணம் என்ற தலைப்பில் இருக்கும். பிரிவு எண் எதுவானாலும், 'சம்பளம்' என்ற தலைப்பில் இல்லையென்றால் யோசியுங்கள்.

இரண்டாவது, தனியாகப் போகவில்லை. 11 பேர் கையெழுத்துப் போட்டோம். சங்கம் பதிவுக்கு விண்ணப்பிக்கக் குறைந்தது 7 பேர் வேண்டும். இருக்கிற சங்கத்தில் சேர்ந்து சங்கத்தின் பெயரிலேயே புகார் கொடுத்தால் தனி ஆளின் தலை உருளாது. நாங்கள் அதைத் தாமதமாகத்தான் செய்தோம். அந்தத் தவறை நீங்கள் செய்யாதீர்கள்.

மூன்றாவது, ஒரே புகாரை மூன்று இடத்தில் கொடுத்தோம். தொழிலாளர் துறை, பி.எஃப். அலுவலகம், இ.எஸ்.ஐ. அலுவலகம். முதல் பத்தியில் நாங்கள் தொழிலாளர்கள், எங்களைச் சுயதொழில் செய்பவர்கள் என்று பொய்யாக வகைப்படுத்தியிருக்கிறார்கள். இரண்டாம் பத்தியில் யார் நேரம் குறிக்கிறார்கள், யார் விலை வைக்கிறார்கள், யார் தண்டிக்கிறார்கள், பதில் ஆள் அனுப்ப முடியுமா என்ற விவரமும் ஒவ்வொன்றுக்கும் ஆதாரத்தின் எண்ணும். மூன்றாம் பத்தியில் எங்களுக்கு வேண்டியது என்ன என்று. மேனேஜரின் வாய் கடைசிப் பத்தியில். நகலில் முத்திரையும் தேதியும் வாங்கினோம். 'வச்சிட்டுப் போங்க, பார்க்கலாம்' என்றால் போகாதீர்கள். முத்திரை வாங்காத மனு கொடுக்காத மனு. மூன்று மாதம் அசைவில்லை என்றதும் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு கேள்வி போட்டோம்: எங்கள் புகார் யார் மேசையில் இருக்கிறது, இதுவரை என்ன நடவடிக்கை? 30 நாளில் பதில் சொல்ல வேண்டும் என்பதால் கோப்பு அசைந்தது.

இனி விலையைச் சொல்ல வேண்டும். மேடையில் ஏறி வெற்றிக் கதை மட்டும் சொன்னால் அது ஏமாற்று.

ஒரு வாரத்தில் என்னையும் சேர்த்து மூன்று பேரின் ஐடி பிளாக் ஆனது. மற்றவர்கள் வீட்டுக்கு ஆள் போனது. நான்கு பேர் கையெழுத்தைத் திரும்பப் பெற்றார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, ஒருவருக்குப் பிரசவச் செலவு, ஒருவருக்கு வண்டித் தவணை. ஹப்பில் எல்லோர் முன்னாலும் மேனேஜர் சொன்னது: "உங்க ஆளுங்களை உள்ள விட்டா இப்படித்தான்." அதுவரை எங்களுக்குச் சாதி கிடையாது, பங்காளிகள்தானே. உரிமை கேட்ட அன்று எங்கள் சாதி அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

சட்டத்தில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. சமரச அதிகாரி முன் தகராறு நிலுவையில் இருக்கும்போது, அந்தத் தகராறோடு தொடர்புள்ள வேலை நிலைமைகளை நமக்குப் பாதகமாக மாற்றக் கூடாது. 1947ஆம் ஆண்டு தொழில் தகராறுச் சட்டத்திலும் இது இருந்தது, புதிய தொழில் உறவுகள் தொகுப்பிலும் இருக்கிறது. நாங்கள் புகார் மட்டும் கொடுத்துவிட்டுத் தகராறு எழுப்பாமல் இருந்தோம். அதனால் அந்தப் பாதுகாப்பு எங்களுக்குக் கைகொடுக்கவில்லை. புகாரும் தகராறும் ஒரே நாளில் போக வேண்டும். இந்த ஒரு வரியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் மூன்று பேரின் வேலை போய்க் கற்றது இது.

பி.எஃப். விசாரணை நடந்தது. அப்போது அது 7ஏ பிரிவு விசாரணை. அந்த அதிகாரிக்குச் சிவில் நீதிமன்றம் போல ஆவணங்களை வரவழைக்கும் அதிகாரம் உண்டு. கம்பெனி வக்கீல், "இவர்கள் சொந்த வண்டி வைத்திருக்கும் சுதந்திரமான தொழில்முனைவோர், விரும்பிய நேரம் வரலாம், போகலாம்" என்றார். வருகைப் பதிவேடு கேட்டதற்கு, ஊழியர்களே இல்லாதபோது பதிவேடு ஏது என்றார். எங்கள் பக்கம் அந்த வயதான தோழர் வாட்ஸ்அப் பிரிண்ட்டை நீட்டி ஒரு கேள்வி கேட்டார்: "விரும்பினபோது வரலாம்னா, வராத அன்னைக்கு 300 ரூபாய் பிடிச்சது எந்தத் தொழில்முனைவோர்கிட்ட?" வக்கீல் அடுத்த வாய்தா கேட்டார். வாய்தாக்கள் நிறைய ஆயின.

ஏறக்குறைய 14 மாதம் கழித்து உத்தரவு வந்தது. அந்த ஹப்பில் ஓடியவர்கள் ஊழியர்கள், கட்டாத காலத்துக்கு பி.எஃப். கட்ட வேண்டும் என்று. கம்பெனி மேல்முறையீடு போனது. அது இன்னும் நடக்கிறது. இதற்கிடையில் அந்த ஹப்பில் புதிதாகச் சேர்கிறவர்களை ஒரு ஒப்பந்த நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் வைத்து பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். ஒப்பந்தம்தான், நிரந்தரம் இல்லை. ஆனாலும் ஒரு பதிவேட்டில் அவர்கள் பெயர் இருக்கிறது. கழிவறைச் சாவியும் இப்போது ஆணியில் வெளியே தொங்குகிறதாம். நான் பார்க்கவில்லை, நண்பன் சொன்னான்.

அண்ணனுடைய விபத்தை இ.எஸ்.ஐ. புகாரோடு சேர்த்தோம். முதலாளி சந்தா கட்டாமல் ஏமாற்றியிருந்தாலும், தொழிலாளிக்குப் பலனைக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்கும் அதிகாரம் கார்ப்பரேஷனுக்குச் சட்டத்தில் உண்டு. இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வராதவர்களுக்கு 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் இருந்தது. அதன் 17ஆம் பிரிவு, இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் ஒப்பந்தம் செல்லாது என்றது. அதைப் படித்த அன்று என் கையால் எழுதிய அந்தத் தாள் ஞாபகம் வந்து உட்கார்ந்து அழுதேன். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டமே செல்லாது என்று சொன்ன வகைத் தாள் அது, பி.காம். படித்த எனக்குத் தெரியவில்லை. அண்ணனின் கோரிக்கை இன்னும் முடியவில்லை. அவர் இப்போது ஒரு அபார்ட்மெண்டில் வாட்ச்மேன். "எழுதினது நீ, அதை அடிக்க அலையிறதும் நீயே" என்று சிரிக்கிறார். என்னை மன்னித்துவிட்டாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது சட்டம் மாறியிருக்கிறது. 2019இலும் 2020இலும் இயற்றிய நான்கு தொழிலாளர் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக ஒன்றிய அரசு அறிவித்தது. நான் சொன்ன பிரிவு எண்களை அப்படியே எழுதிவிடாதீர்கள், புதிய எண்ணைச் சங்கத்திலோ வழக்கறிஞரிடமோ கேட்டு எழுதுங்கள். எண்களைவிட முக்கியமான ஒன்று உண்டு. சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு 'கிக் தொழிலாளர்' என்று ஒரு வகையைச் சொல்கிறது: வழக்கமான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே வேலை செய்து சம்பாதிப்பவர். அவர்களுக்காக ஆப் நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு வரை நிதி தர வேண்டும், அது தொழிலாளருக்குத் தரும் தொகையில் 5 விழுக்காட்டைத் தாண்டாது என்கிறது. ராஜஸ்தான் 2023இல் தனிச் சட்டம் போட்டது, கர்நாடகம் 2025இல். தமிழ்நாட்டில் 2023 டிசம்பரில் நல வாரியம் அமைத்தார்கள்.

நல வாரிய அட்டையை வாங்குங்கள், விடாதீர்கள். விபத்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் கிடைப்பது கிடைக்கட்டும். ஆனால் 'உங்களுக்குத்தான் வாரியம் இருக்கிறதே' என்று யாராவது சொன்னால் கவனமாக இருங்கள். முதலாளி தர வேண்டியதை நலத்திட்டமாக மாற்றினால் அது மறுபடியும் களத்து நெல்தான். கம்பெனி 'பார்ட்னர்' என்று எழுதிவிட்டதாலேயே நாம் உறவுக்கு வெளியே போய்விடுவதில்லை. உறவு இருந்ததா இல்லையா என்பதை உண்மை நிலவரம்தான் தீர்மானிக்க வேண்டும். 2021இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஊபர் ஓட்டுநர்கள் வழக்கில் இதே வழியில்தான் போனது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதிலிருந்து தொடங்காமல், கட்டணம், நிபந்தனை, தண்டனை யார் கையில் என்று பார்த்து, அவர்களுக்குத் தொழிலாளர் தகுதி உண்டு என்றது.

இது ஒரு சாதி ஒழிப்பு மேடை. பி.எஃப். பற்றி இங்கே ஏன் இவ்வளவு பேச்சு என்று சிலருக்குத் தோன்றலாம். அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினர். பிற்காலத்தில் இ.எஸ்.ஐ. சட்டமாக ஆன நோய்க் காப்பீட்டுத் திட்டத்தின் அடார்கர் அறிக்கை 1944இல் வந்தது அவர் அந்தப் பொறுப்பில் இருந்தபோதுதான். சாதியை எதிர்த்த அதே மனிதர் வேலை நேரத்துக்கும் காப்பீட்டுக்கும் ஏன் இவ்வளவு நேரம் செலவிட்டார் என்று யோசித்திருக்கிறேன். என் தாத்தாவை நினைத்தால் எனக்கு விடை கிடைக்கிறது. உழைப்பை வாங்கிக்கொண்டு உறவை மறுப்பது சாதியின் பழைய வித்தை. வழக்கம் என்ற பெயரில் ஒரு தலைமுறைக்கு, ஜோடிக் கணக்கு என்ற பெயரில் ஒரு தலைமுறைக்கு, பார்ட்னர் என்ற பெயரில் எனக்கு. பதிவேட்டில் பெயர் ஏறுவது என்றால், இன்னாரிடம் இன்னார் வேலை செய்தார், அவருக்கு இவர் பொறுப்பு என்று ஒரு தாள் சொல்வது. எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக அந்தத் தாள் இல்லை.

கசப்பாக ஒன்று சொல்லி முடிக்கிறேன். நம் தோழர்கள் நடத்தும் பதிப்பகங்கள் இருக்கின்றன, சேனல்கள் இருக்கின்றன. அங்கே தினமும் பத்து மணிக்கு வந்து, ஒரே இடத்தில் உட்கார்ந்து, நாம் சொன்னபடி எடிட் செய்யும் பிள்ளையை 'ஃப்ரீலான்ஸ்' என்று வைத்திருந்தால் அதுவும் இதே குற்றம்தான். சுவரில் பெரியார் படமும் அம்பேத்கர் படமும் மாட்டியிருப்பதால் அது குறையாது. முதலில் நம் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம்.

நேற்று அம்மாவுக்குப் போன் செய்து இங்கே பேசப் போவதைச் சொன்னேன். "இன்னா பேசப் போற?" என்றார். "நீ சொன்னதைத்தாம்மா" என்றேன். அவர் இப்போதும் தைக்கிறார், கண் மங்கிவிட்டது, ஜோடி எண்ணிக்கை குறைந்துவிட்டது. அடுத்த மாதம் ஊரில் அம்மாவோடு தைக்கும் பெண்கள் ஒன்பது பேரை உட்காரவைத்து, யார் திருப்பி அனுப்புகிறார் என்பதை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதத் தொடங்கப் போகிறோம். அங்கே வந்து கணக்கு எழுத, மனு எழுத, நல்ல கையெழுத்து உள்ள தோழர்கள் நான்கு பேர் தேவை. கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.